வெள்ளித் தொங்கலில் ஒரு புலி

கில்ப்ராக், லிமரிக் மாவட்டம்
10 மார்ச் 1971

ஐலீன்,

உங்கள் நாட்டில் தபால்காரர்களின் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். அம்மா பிப்ரவரி ஏழாம் தேதி காலமானாள். நெஞ்சில் சளி. ஃபாதர் மொரோனி வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். அதிகம் கஷ்டப்படவில்லை. அப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். நல்ல கூட்டம். மழை.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. அம்மாவின் தையல் பெட்டியில், அடித்துணிக்குள் வைத்துத் தைத்திருந்தாள். கடிகாரச் சங்கிலியில் ஆண்கள் மாட்டிக்கொள்ளும் வெள்ளித் தொங்கல். அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஜூலையில், இங்கிலீஷ்காரர்களோடு நடந்த சண்டையை நிறுத்தியதன் ஐம்பதாவது ஆண்டு வருகிறது. பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைக்கிறோம். நான்தான் கமிட்டிச் செயலாளர். அப்பாவின் படத்தை மாட்டி, கீழே கண்ணாடிப் பெட்டியில் இதை வைக்கலாம் என்கிறார் பள்ளி ஆசிரியர் ட்ரெசி. ஆனால் முகம் தேய்ந்திருக்கிறது. ஏதோ நாலுகால் மிருகம். வேட்டை நாய், நாய்ப் பந்தயத்துப் பரிசு என்பது ட்ரெசியின் எண்ணம். லீட்ஸில் பழைய வெள்ளி பார்க்கிற கடைகள் இருக்குமே. எந்த வருடத்தது, எதற்குக் கொடுத்தது என்று விசாரித்து எழுது.

டெனிஸ்


லீட்ஸ்
17 மார்ச் 1971

டெனிஸ்,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து மறுபடி படித்தேன், எதையாவது விட்டுவிட்டேனோ என்று. விடவில்லை. அம்மா செத்ததற்கு நாலு வரி. மீதியெல்லாம் தொங்கல்.

தபால் ஓடவில்லை, சரி. போன் ஓடியதே! எதிர்வீட்டு மிசஸ் ஹோல்ராய்டின் நம்பரை கிறிஸ்துமஸ் கார்டில் எழுதியிருந்தேன். ஃபாதர் வீட்டில் போன் இருக்கிறது. ஓர் இரவு கப்பல், காலையில் ரயில், வந்திருப்பேன். நான் வந்தால் என் புருஷன் ஆர்தரும் வருவார். இங்கிலீஷ் பட்டாளத்துக்காரன் ஒருவன் நம் அப்பா டாம் லெனிஹனின் கல்லறைக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பான். கமிட்டிச் செயலாளருக்கு அது தலைகுனிவு. அதுதானே? முப்பது வருடமாக நீ அவர் பெயரை ஒரு கடிதத்தில்கூட எழுதியதில்லை. அவர் சமையல்காரராக இருந்தார், டெனிஸ். போர் முழுக்க வட ஆப்பிரிக்காவில் உருளைக்கிழங்கு உரித்தார்.

சண்டை போடக்கூட எனக்கு இப்போது தெம்பில்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வீங்கிய காலோடு வருகிறேன். உன் பொட்டலம் அலமாரிமேல் இருக்கிறது. திறக்கவில்லை.

ஐலீன்


கில்ப்ராக்
29 மார்ச் 1971

ஐலீன்,

நீ சொன்னது சரி. ஃபாதர் வீட்டு வாசல்வரை போனேன், போன் செய்யத்தான். திரும்பி வந்துவிட்டேன். கடைசி இரண்டு வருடம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, துடைத்து, பிறகு மாட்டுக்கு ஓடி, திரும்ப வந்து... நேராக யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

கடைசியில் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என்னைத்தான் ஐலீன் என்று கூப்பிட்டாள். நானும் ‘என்னம்மா’ என்றேன்.

தொங்கலைப் பற்றி உன் இஷ்டம்.

டெனிஸ்


லீட்ஸ்
18 ஏப்ரல் 1971

டெனிஸ்,

அந்த ‘என்னம்மா’வுக்காகப் பொட்டலத்தைத் திறந்தேன்.

ஆர்தர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். “நாயா? எந்த ஊர் நாய்க்கு இவ்ளோ பெரிய மூஞ்சி? ஐலீன், இது புலி. கீழே பாரு, குண்டு. மேலே தீ எரியுது. இது பட்டாளச் சின்னம்” என்றார். அவருடைய சார்ஜெண்ட் ஒருவரின் அப்பா வைத்திருந்த தொப்பியில் இதே புலி இருந்ததாம். மன்ஸ்டர் ஃப்யூசிலியர்ஸ். நம் பக்கத்து ஆட்களையே எடுத்த பிரிட்டிஷ் படை. இந்தியாவிலே கிடந்து வாங்கிவந்த புலி.

சனிக்கிழமை மார்க்கெட்டில் பழைய வெள்ளி விற்கும் பெண்ணிடம் எடுத்துப் போனேன். அவள் பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைக் காட்டினாள். நங்கூரம், நடக்கிற சிங்கம், ஓர் எழுத்து. “நங்கூரம்னா பர்மிங்காம்ல செஞ்சது. உங்க டப்ளின் வெள்ளியா இருந்தா யாழ் இருந்திருக்கும். இந்த எழுத்துக்கு வருஷம் 1912” என்றாள். பிறகு அதைத் திருப்பி வைத்து வாயால் ஊதினாள். மூச்சின் ஈரம் படிந்த அந்தக் கணத்தில் மட்டும் எழுத்துகள் தெரிந்து மறைந்தன. சுருட்டிய ஒரு கயிறு. கீழே ‘ரங்கூன்’. அதற்கும் கீழே M. S.

அப்பா T. L. அல்லவா?

இன்னொன்றையும் அவள் சொன்னாள். மேல் வளையம் தேய்ந்து அறுந்ததல்ல. வெள்ளி நீண்டு கிழிந்திருக்கிறது. “யாரோ புடிச்சு இழுத்திருக்காங்க. போட்டிருந்த ஆளு குடுத்த மாதிரி தெரியலை” என்றாள்.

ஐலீன்


கில்ப்ராக்
26 ஏப்ரல் 1971

ஐலீன்,

அப்பா எந்த ராஜாவின் பட்டாளத்திலும் இருந்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள். அவர் இங்கிலீஷ்காரர்களை எதிர்த்த நம் தொண்டர் படைக் கம்பெனியில் இருந்தவர், அவ்வளவுதான். வழியில் எங்காவது கிடந்ததை எடுத்திருப்பார். ட்ரெசியிடம் நாய்தான் என்று சொல்லிவிட்டேன். மேலே விசாரிக்க வேண்டாம். பொருளைத் திருப்பி அனுப்பு.

இரண்டு மாடு கன்று போட்டிருக்கின்றன. ஒரு கன்று தங்கவில்லை.

டெனிஸ்


லீட்ஸ்
23 மே 1971

டெனிஸ்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே விசாரிக்கத் தொடங்கியாகிவிட்டது.

இங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் பேட்ஸி குயிலிகன் என்று ஒரு கிழவர் இருக்கிறார். லிமரிக் நகரத்துக்காரர், பழைய மன்ஸ்டர் சிப்பாய். எங்கள் கோயிலில் கேட்டதும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்தரும் நானும் போனோம். அவருக்குக் கண் போய்விட்டது. கட்டைவிரலால் புலியைத் தடவினார், பிறகு பின்பக்கத்துக் கயிற்றை. ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, இது உனக்கு எப்படிக் கெடச்சுது?”

“எங்கம்மா பெட்டியில இருந்துச்சு.”

“ரங்கூன் மைதானம். எங்களுக்கும் பீரங்கிக்காரனுங்களுக்கும் கயிறு இழுக்கிற போட்டி. வெயில் மண்டையப் பொளக்குது. ஜெயிச்சோம். கர்னல் பொண்டாட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்தா. என்னோடத நான் வித்துக் குடிச்சுட்டேன். எழுத்து என்ன போட்டிருக்கு?”

“எம். எஸ்.”

“அப்போ மேட்டியோடது! மேட்டி ஸ்கான்லன். கயித்துல கடைசி ஆளு. உடம்புல சுத்திக்கிட்டு குதிகால மண்ணுல ஊணிட்டான்னா மாதாகோயில் தூணு மாதிரிதான். நாங்க எல்லாரும் வழுக்கி விழுந்தாலும் அவன் நகர மாட்டான். கலிப்போலிச் சண்டையில தண்ணிக்குள்ள போயிட்டிருந்த என்னை காலரப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டதும் அவன்தான். உங்க ஊர்ப் பக்கம்தாம்மா அவன். கில்ப்ராக்.”

என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அவர் நிறுத்தவில்லை.

“சண்டை முடிஞ்சு நான் கவென்ட்ரிக்கு வந்துட்டேன், மோட்டார் ஃபேக்டரியில. இருபதாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனப்ப அவனப் பாத்தேன். நீயும் வாடான்னேன். மார்ச்ல வரேன், பின்னாடியே பொண்டாட்டியையும் பாப்பாவையும் கூட்டிக்கணும்னான். வேலை பேசி வெச்சேன். மூணு பேரும் இருக்க ரூம் பாத்து வெச்சேன். சொன்ன நாளு ஸ்டேஷன்ல போயி நின்னேன். வரலை. பய மனசு மாறிட்டான்னு எனக்கு ஒரே கோவம். எனக்கு எழுதப் படிக்கவும் வராது. அப்படியே விட்டுட்டேன்.” முகத்தை என் பக்கம் திருப்பினார். “இப்போ எப்படி இருக்கான் மேட்டி?”

தெரியவில்லை என்றேன், டெனிஸ். வேறென்ன சொல்வது?

ஜோஸியின் அப்பா. இங்கிலாந்துக்குப் போய் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையை மறந்தவன் என்று ஊரே சொல்லும் மேட்டி ஸ்கான்லன். ஜோஸி பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். ‘உங்கப்பனுக்கு அங்க எத்தனை புள்ளைங்க?’ என்று கேட்டுக் கேட்டு அவளை அழவைப்பார்கள். நம் அம்மா தினமும் காலையில் ஒரு கேனில் பால் ஊற்றிக் கொடுத்து, ஜோஸியின் அம்மா ஹானா ஸ்கான்லன் வாசலில் வைத்துவிட்டு வா, கதவைத் தட்டாதே என்பாள். நமக்கே பால் பற்றாத நாட்கள் அவை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். ஓங்கி ஓர் அறை.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே வேறு யாருக்காவதும் தெரிந்திருக்கும். நீதான் கேட்க வேண்டும்.

ஐலீன்


கில்ப்ராக்
13 ஜூன் 1971

ஐலீன்,

இரண்டு வாரம் உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதாமலே விட்டிருக்கலாம்.

அப்பாவின் கம்பெனியில் இன்னும் உயிரோடு இருப்பவர் மிக் ஷீஹி ஒருவர்தான். பால் பண்ணையில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது அவருடைய வண்டிப் பக்கம் போய் மெதுவாகக் கேட்டேன், மேட்டி ஸ்கான்லனின் தொங்கல் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று. குதிரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“உன்னை யாருடா அதைக் கெளறச் சொன்னது?”

“அவர் இங்கிலீஷ்காரனுக்கு ஒற்றரா, மிக்?”

“போலீஸ் பாரக்ஸுக்கு அடிக்கடி போயிட்டு வந்தான். உள்ள என்ன பேசினான்னு யாருக்குத் தெரியும்? பென்ஷன் காகிதத்துக்குத்தான் அலைஞ்சான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

“அப்புறம்னா?”

“அப்புறம்னா அப்புறம். மண்ணு போட்டு மூடினதுக்கு அப்புறம்.”

ரயிலுக்குப் போகிற வழியில் பிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்குப் போகிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பியவன். அதனால் யாரும் தேடவில்லை. வேறொருத்தி கதையையெல்லாம் இவர்களே கிளப்பிவிட்டார்கள்.

“எங்கப்பா?” என்றேன்.

“டாம் சுடலை. இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்னான். யார் கேட்டா? குழி அவன்தான் வெட்டினான். கடிகாரத்த ஒருத்தன் எடுத்துக்கிட்டான். சங்கிலியில இருந்தத உங்கப்பன் பிச்சு எடுத்தான், எப்பவாவது ஹானாகிட்ட சேத்துடறேன்னு. எப்படிச் சேப்பான்? எங்கேருந்து வந்துதுன்னு கேப்பாளே.”

இடம் எது என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே புரிந்தது. நம் சதுப்பில் முள்மரத்துக்குப் பக்கத்து மூலை. அங்கே அடுப்புக்கு டர்ஃப் மண்கட்டி வெட்டாதே, எரியாது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல கறுப்பு மண். அவர் போய் இருபது வருடத்துக்கு மேலாகியும் நான் அந்த மூலையில் மண்வெட்டி வைத்ததில்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை.

அப்பாவின் படம் ஃபிரேம் போட்டு வந்துவிட்டது. மிக் ஷீஹிதான் நாடா வெட்டப் போகிறார். ஐலீன், கெஞ்சிக் கேட்கிறேன், அதைக் கால்வாயில் போட்டுவிடு. ஹானாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜோஸிக்கு ஐம்பது வயது. இனிமேல் தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

டெனிஸ்


லீட்ஸ்
21 ஜூன் 1971

டெனிஸ்,

ஆர்தரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். நெஞ்சுதான், பழைய தொல்லை. இந்தமுறை டாக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறார்கள்.

அங்கே போகிற பஸ்ஸுக்குக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். தொங்கல் கைப்பையில் இருந்தது. நின்றேன். போட்டுவிட்டால் நாம் இருவரும் நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றியதும் உண்மை. பையைத் திறக்கவும் செய்தேன். கை வரவில்லை. பஸ்ஸும் போய்விட்டது.

நேராக ஜோஸிக்கே அனுப்பிவிடலாம். ஜோஸி ஸ்கான்லன், கில்ப்ராக் என்று எழுதினால் போதும். ஆனால் கடலுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் சாப்பாட்டு மேசையில் அதை எறிவதற்கு எனக்கு மனம் இல்லை. அதனால் உனக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அப்பாவை நீ ஹாலில் மாட்டிக்கொள். ‘இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்’ என்று சொன்னாரே, நான் அந்த மனிதரை வைத்துக்கொள்கிறேன். எனக்கு அவர் போதும். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்பதுதான் கஷ்டம்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆற்றில் போட்டாலும் கேட்க மாட்டேன். களைத்துவிட்டேன், டெனிஸ். இதை எழுதி முடிக்கக்கூட இரண்டு நாள் ஆனது.

ஐலீன்


கில்ப்ராக்
19 ஜூலை 1971

ஐலீன்,

கண்காட்சி நடந்தது. பூசை முடிந்து எல்லோரும் ஹாலுக்கு வந்தார்கள். மிக் ஷீஹி நாடா வெட்டினார். அப்பாவின் படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி காலி. ட்ரெசி கேட்டபோது இன்னும் வந்து சேரவில்லை என்றேன். அது என் கோட்டுப் பையில் இருந்தது.

டீக்குக் கேக் செய்தது ஜோஸி. எப்போதும் அவள்தான் செய்வாள். கூட்டம் குறைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் படத்தின் முன்னால் நின்றாள்.

“உங்கப்பா நல்ல மனுஷன், டெனிஸ். வாசல்ல பால் வெச்சிட்டுப் போனது உங்க வீடுதான்னு எங்கம்மாவுக்குத் தெரியும். இந்த ஊர்ல எங்களுக்குன்னு செஞ்சது நீங்கதான்.”

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. அவளுடைய கேக் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவளோடு வீடுவரை நடந்தேன். சமையலறையில் தட்டுகளை வைத்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் தொங்கலையும் வைத்தேன்.

“என்ன இது?”

“உங்கப்பாவோடது.”

அவள் முகம் சிவந்தது. “அவர் அனுப்பினாரா?” என்றாள்.

ஐலீன், இத்தனை வயதுக்குப் பிறகும் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இல்லை, ஜோஸி. அவர் போகவே இல்லை.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரங்கூன், கயிறு, குயிலிகன் பார்த்து வைத்த அறை, ரயில் வழி, குழி, யார் வெட்டியது என்பது. எதையும் மறைக்கவில்லை. அவள் திரும்பிக்கொண்டு தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். ஒரே தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“எங்கம்மா சாகறப்போகூட அவரத் திட்டிட்டுத்தான் செத்தா” என்றாள். கொஞ்சம் கழித்து, “பெரிய ஆளா?”

“மாதாகோயில் தூணு மாதிரியாம். அவர் ஊணி நின்னுட்டா யாராலயும் அசைக்க முடியாதாம்.”

ஜோஸியின் பெரிய உடம்பு உனக்குத் தெரியும். பள்ளியில் அவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். சோப்பு நுரையோடு தன் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். “ஓ, அப்போ இது அங்கேருந்துதான் வந்திருக்கு” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். மீதித் தட்டுகளை நான் கழுவினேன்.

கிளம்பும்போது சொன்னாள்: “மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு நிக்காதே. அது வருமான்னு எனக்குத் தெரியலை. நாளைக்கு வா. இடத்தக் காட்டு.”

காட்டினேன். ஃபாதரிடமும் போலீஸிடமும் அவளே போய்ச் சொன்னாள். அடுத்த வாரம் தோண்டுகிறார்கள்.

டெனிஸ்


லீட்ஸ்
27 ஜூலை 1971

டெனிஸ்,

என்னால் அடக்கத்துக்கு வர முடியாது. ஆர்தரை விட்டு நகர முடியவில்லை. ஜோஸிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தை ஆர்தரிடம் படித்துக் காட்டினேன். தட்டுக் கழுவியதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

குயிலிகனையும் போய்ப் பார்த்தேன். மேட்டி கிளம்பினார், வழியில் மறித்துவிட்டார்கள் என்றேன். “அப்போ மனசு மாறலை” என்றார். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

ஐலீன்


கில்ப்ராக்
16 ஆகஸ்ட் 1971

ஐலீன்,

எடுத்தார்கள். சதுப்பு எதையும் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பதில்லை. பூட்ஸ் அப்படியே இருந்தது, லேஸ் கட்டியபடி. ஜோஸி ஓரத்தில் நின்று கடைசிவரை பார்த்தாள். வேண்டாம் என்று சொன்ன போலீஸ்காரரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் நகர்ந்துவிட்டார்.

ஹானாவோடு சேர்த்து அடக்கம் செய்தோம். நிறையப் பேர் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் சுவருக்கு வெளியே நின்றார்கள். பெட்டியைத் தூக்க ஆள் கேட்டபோது ஜோஸி என்னைக் காட்டி, “இவனும் தூக்கட்டும்” என்றாள். ட்ரெசியும் வந்து தோள் கொடுத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டி கனமே இல்லை, ஐலீன். அவ்வளவு பெரிய மனிதர்.

கமிட்டியிலிருந்து நானே விலகிவிட்டேன். அப்பாவின் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் அறையில் மாட்டியிருக்கிறேன். பால் பண்ணை வரிசையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மிக் ஷீஹி குதிரையைக்கூட வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். எனக்குக் கோபம் இல்லை. தூக்கம்தான் வருகிறது. சாப்பிட்டு உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுகிறேன்.

ஆர்தர் எப்படி இருக்கிறார்? உடனே எழுது. உடம்பு தேறியதும் அவரை இங்கே கூட்டிக்கொண்டு வா. கீழ் அறையைத் தயார் செய்கிறேன், படி ஏற வேண்டாம்.

நேற்று பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் கேட்டுக்குப் பக்கத்தில் வழக்கம்போல் ஆண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஜோஸி வந்தாள். என்னோடு சேர்ந்து நடந்தாள். கேட்டைத் தாண்டி, கடைத்தெரு முழுக்க, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, முட்டை போடாமல் தகராறு செய்கிற தன் கோழிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

டெனிஸ்